பழைய கயென் வாங்கப் போறீங்களா? ஓடோமீட்டரை அப்புறம் பாருங்க

"டெல்லி வண்டி சார், சிங்கிள் ஓனர், 48 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. போர்ஷே கயென் எஸ், வி8. ஒரு க்ரெட்டா விலைதான்." டீசலுக்கு 10 வருஷம், பெட்ரோலுக்கு 15 வருஷம்னு 2014-15-ல பசுமைத் தீர்ப்பாயம் டெல்லியில கெடுபிடி போட்டதுக்கு அப்புறம், அங்க வயசாகுற சொகுசு வண்டிங்க தெற்கு நோக்கி வர ஆரம்பிச்சது. வாங்குறவங்க முதல்ல பார்க்குறது ஓடோமீட்டர். இந்த வண்டியில கடைசியா பார்க்க வேண்டியதே அதுதான். கயென் ஓடி ஓடிக் கெடுறதை விட, நின்னு நின்னு கெடுறதுதான் அதிகம். இரும்பு நல்ல இரும்பு. பிளாஸ்டிக்கும் ரப்பரும்தான் வயசைக் கணக்குப் பார்க்கும்.

முதல் பலி, இன்ஜினைக் குளிர வைக்குற திரவம் ஓடுற கூலன்ட் குழாய். 2003-ல இருந்து 2006 வரைக்கும் வந்த 4.5 லிட்டர் வி8-ல (எட்டு சிலிண்டர் இன்ஜின்), ரெண்டு வரிசை சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவுல இருக்குற பள்ளத்துல, காத்தை உள்ள அனுப்புற இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில இந்தக் குழாய்ங்க ஓடுது. எல்லாம் பிளாஸ்டிக். சூடு வெளிய போக வழியில்லாத இடம் வேற. வருஷக்கணக்கா வெந்து கடைசியில அப்பளம் மாதிரி ஆயிடும். ஒரு நாள் விரிசல் விட்டா கூலன்ட் அந்தப் பள்ளத்துல நிறைஞ்சு, பின்பக்கமா வழிஞ்சு, கியர் பாக்ஸ் இன்ஜினோட சேருற இடத்துல சொட்டும். கீழ இருந்து பார்க்குற மெக்கானிக் 'ஆயில் சீல் போச்சு'ன்னு சொல்லிடுவார். விரலால தொட்டுப் பாருங்க: பிசுபிசுன்னு இனிப்பு வாசனை அடிச்சா அது ஆயில் இல்ல.

இதுக்கு அலுமினியக் குழாய் கிட் இருக்கு. மேனிஃபோல்டைக் கழட்டினா பழைய குழாயை இழுக்கும்போது முனை மட்டும் ஹவுசிங்குக்குள்ளயே ஒடஞ்சு நிக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமா கிள்ளித்தான் எடுக்கணும், துண்டு உள்ள விழாம வாக்குவம் வச்சு உறிஞ்சிக்கணும். புது ஓ-ரிங்குல (கசியாம அடைக்குற ரப்பர் வளையம்) கூலன்ட்டைத் தடவிட்டு நேரா உள்ள தள்ளணும், கோணலாப் போனா ரிங் வெட்டுப்படும். ஸ்டார்டர் மோட்டாரும் அதே பள்ளத்துலதான் படுத்திருக்கு. அது மக்கர் பண்ணினா மறுபடியும் இதே வேலை, இதே கூலி. அதனால ஸ்டார்டர், தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏத்த மாதிரி கூலன்ட்டைத் திறந்து விடுற வால்வு), காய்ஞ்சுபோன வாக்குவம் ஹோஸ் எல்லாத்தையும் ஒரே தடவையில முடிச்சிடுங்க. நிரப்பும்போது டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. போர்வெல் தண்ணி ஊத்துற ஒர்க்‌ஷாப்னா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க.

'நான் பார்க்குறது 2008 மாடல், 4.8 இன்ஜின், இந்தப் பிரச்சனை இல்ல'ன்னு சிலர் சொல்வாங்க. குழாய் உலோகம்தான், ஆனா அதைத் தெர்மோஸ்டாட் ஹவுசிங்ல பசை போட்டு ஒட்டியிருக்காங்க! பசை விட்டா குழாய் கழண்டு வரும், நடுரோட்டுல மொத்த கூலன்ட்டும் கீழ போயிடும். இதே 4.8 இன்ஜின் போட்ட போர்ஷேவோட முதல் பனமேராவிலும் இந்த வியாதி உண்டு. சரியான வைத்தியம், குழாயை வெல்டு பண்ணின அல்லது பின் போட்டு இறுக்கின ஹவுசிங். மறுபடி பசை போட்டு ஒட்டுறது தண்டம்.

அடுத்தது புரொப்பல்லர் ஷாஃப்ட், அதாவது இன்ஜின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோற தண்டு. ரெண்டு துண்டா வர்ற ஷாஃப்டை நடுவுல ஒரு பேரிங் தாங்குது, அந்தப் பேரிங்கைச் சுத்தி ரப்பர். ரப்பர் கிழிஞ்சா சிக்னல்ல இருந்து கிளம்பும்போது ரெண்டு முன்சீட்டுக்கும் நடுவுல, காலுக்கடியில யாரோ குத்துற மாதிரி 'தொம் தொம்'னு கேட்கும். லிஃப்ட்ல ஏத்திக் கையால ஷாஃப்டை மேல தள்ளினாலே தெரிஞ்சிடும். கம்பெனியில ஷாஃப்ட் முழுசா மாத்தணும்பாங்க. வெளியில பேரிங் மட்டும் தனியா கிடைக்குது, அது போதும். கயெனும் ஃபோக்ஸ்வாகன் டூவாரெக்கும் ஒரே அடித்தளம். 7எல்-னு ஆரம்பிக்குற டூவாரெக் பார்ட் நம்பரைத் தேடிப் பார்த்தா, அதே சஸ்பென்ஷன் புஷ், அதே ஆர்ம், விலை மட்டும் வேற.

பார்க்கப் போற நாள்ல, 'ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க, ராத்திரி நிறுத்தின இடத்துலயே இருக்கட்டும்'னு முன்னாடியே சொல்லிடுங்க. போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா ஏதோ மறைக்குறாங்க. நாலு மூலையும் ஒரே உயரத்துல நிக்குதான்னு பாருங்க. ஒரு மூலை படுத்திருந்தா அங்க ஏர் சஸ்பென்ஷன் கசியுது. கசிவு சின்னதுதான், ஆனா அதை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓடிக்கிட்டே இருந்து கருகிடும். கம்ப்ரஸரை மட்டும் மாத்தினா புதுசும் கருகும். ஸ்டார்ட் பண்ணினதும் ஒரு பக்கமா 'டொக் டொக்'னு சத்தம் வந்து, சூடானதும் குறைஞ்சா சிலிண்டர் சுவர்ல கோடு விழுந்திருக்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, பிஸ்டனைக் கீழ இறக்கி, கேமரா விட்டுப் பாருங்க. முக்கியமா பின்பக்க சிலிண்டருங்க. நீளவாக்குல கீறல் தெரிஞ்சா, எவ்வளவு குறைச்சாலும் வேண்டாம். அந்த இன்ஜின் பிளாக்கைச் சரிபண்றதுக்கு இன்னொரு வண்டியே வாங்கலாம்.

வண்டி கம்ப்யூட்டர்ல செருகிப் பழுதைப் படிக்குற சாதா ஓபிடி கருவி இன்ஜினைத்தான் படிக்கும். சஸ்பென்ஷன், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிச்சு அனுப்புற பெட்டி) எல்லாம் பேசணும்னா போர்ஷேவோட சொந்தக் கருவி பிவிஸ், இல்லன்னா வெளிக் கம்பெனியோட டியூராமெட்ரிக் வேணும். அதுல ரெடினெஸ் மானிட்டர் (வண்டி தன்னைத்தானே சோதிச்சு முடிச்சுதான்னு காட்டுறது) எல்லாம் முழுசாகாம இருந்தா, சமீபத்துலதான் பழுதுக் குறியீட்டை அழிச்சிருக்கலாம். முன்சீட்டுக்கு அடியில கம்பளத்தை நல்லா அழுத்திப் பாருங்க. சன்ரூஃப் வடிகால் அடைச்சிருந்தா தண்ணி அங்கதான் தேங்கும், பேட்டரியும் வயரிங்கும் அதே பக்கம்தான்.

வாங்கினப்புறம்: டேங்க் 100 லிட்டர். ஊருக்குள்ள லிட்டருக்கு 5 கிலோமீட்டர் வந்தா சந்தோஷப்படுங்க. 91 ஆக்டேன் போட்டு ஓட்டாதீங்க, குறைஞ்சது 95. டயர் நாலையும் சேர்த்தே மாத்துங்க. ரெண்டு புதுசு, ரெண்டு தேய்ஞ்சதுன்னா சுற்றளவு வித்தியாசத்தை டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் சுமக்கும். கியர் பாக்ஸ் ஆயில் 'லைஃப்டைம்'னு சொல்றதை நம்பாதீங்க, 60 ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்துங்க.

எது வாங்கலாம்? என் கருத்து: டர்போ வேண்டாம். ஏர் சஸ்பென்ஷன் இல்லாத, சாதா ஸ்பிரிங் போட்ட கயென் எஸ், குழாய் மாத்தின பில்லோட. 48 ஆயிரம் ஓடின, பில்லே இல்லாத வண்டியை விட, 1.2 லட்சம் ஓடி ஃபைல் நிறைய பில் வச்சிருக்குற வண்டிக்கு அதிகமாவே குடுக்கலாம். வண்டி விலையில மூணுல ஒரு பங்கை முதல் வருஷ ரிப்பேருக்குத் தனியா ஒதுக்குங்க.

அப்புறம் வரி. அந்த ஊர் ஆர்.டி.ஓ.கிட்ட என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லைன்னு குடுக்குற சான்று) வாங்கி இங்க பேர் மாத்தும்போது தமிழ்நாட்டு ஆயுள் வரி மறுபடி கட்டணும். வயசுக்கு ஏத்த மாதிரி சதவீதம் குறையும், ஆனா கணக்கு நீங்க குடுக்குற விலைக்கு இல்ல, வண்டி புதுசா இருந்தப்போ இருந்த விலைக்கு. பழைய இன்வாய்ஸ் காப்பியை ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல காட்டி, எவ்வளவு வரும்னு கேட்டுட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க.