"காபாவின் காதலி" என்று இனியும் சொல்லாதீர்கள்

போர்ப் புகைப்படம் என்று பேச்செடுத்தாலே ராபர்ட் காபா வந்துவிடுகிறார். வரட்டும், தகுதியான ஆள்தான். ஆனால் அந்தப் பெயரை உருவாக்கியதில் சரிபாதிப் பங்குள்ள போர்ப் புகைப்படக்காரர் கெர்டா தாரோவை மட்டும் "காபாவின் காதலி" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பல நாளாக உறுத்துகிற விஷயம் இது.

1910இல் ஸ்டுட்கார்ட்டில் பிறந்த யூதப் பெண். நாஜிகளுக்கு எதிரான துண்டறிக்கைகள் தொடர்பாக 1933இல் கைதாகி, வெளியே வந்தபின் பாரிஸுக்குப் போய்விட்டார். அங்கே அறிமுகமானவர் ஹங்கேரிக்காரரான எந்த்ரே ஃப்ரீட்மன். அவருடைய படங்களுக்குப் பெரிய கிராக்கி இல்லை. 1936இல் இருவருமாகச் சேர்ந்து ராபர்ட் காபா என்ற பணக்கார அமெரிக்கப் புகைப்படக்காரர் ஒருவரைக் கற்பனையில் படைத்து, அந்தப் பெயரில் பத்திரிகைகளுக்குப் படம் விற்றார்கள். குட்டு சீக்கிரமே வெளிப்பட்டது. பெயர் மட்டும் ஃப்ரீட்மனிடம் தங்கிவிட்டது.

அந்த ஆகஸ்டிலேயே ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குக் கிளம்பிவிட்டார்கள். பார்சிலோனா கடற்கரையில் ஒரு பெண் மண்டியிட்டுத் துப்பாக்கியால் குறிபார்க்கும் படம் தாரோ எடுத்தது. காலில் குதிகால் உயர்ந்த செருப்பு! அதைக் கவனித்த கண்ணைத்தான் எனக்குப் பிடிக்கும். 1937 மே மாதம், குண்டுவீச்சுக்குப் பிறகு வலென்சியாவில் பிணவறைக் கம்பிக் கதவுக்கு வெளியே முண்டியடித்து நின்ற முகங்களை எடுத்தார். உள்ளே போய் உடல்களையும் எடுத்தார். அவர் நடுநிலையாளர் இல்லை. ஃபிராங்கோவின் கிளர்ச்சிப் படையை எதிர்த்த குடியரசுப் படையின் பக்கம் நின்றவர், அதை மறைத்ததும் இல்லை.

அந்த ஆண்டு ஜூலை 25 அன்று, மாட்ரிட் அருகே புருனேட்டே போரில் குடியரசுப் படை பின்வாங்கியபோது, ஒரு காரின் படியில் தொற்றிக்கொண்டு வந்தார். குடியரசுப் படையின் டாங்கி ஒன்றே வந்து மோதியது. மறுநாள் இறந்தார். பாரிஸில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு அடக்கம் செய்த ஆகஸ்ட் 1, அவருடைய 27ஆவது பிறந்தநாள்.

அப்புறம் எப்படி மறந்துபோனார்? காபாவின் படங்களைக் கட்டிக்காக்கத் தம்பி கார்னெல் இருந்தார். 1974இல் நியூயார்க்கில் சர்வதேசப் புகைப்பட மையத்தையே தொடங்கினார். தாரோவின் குடும்பத்தை யூதப் படுகொலை விழுங்கிவிட்டது. படங்களை எடுத்துவைக்க ஆள் இல்லை. 2007இல் மெக்சிகோவிலிருந்து சுமார் 4,500 நெகட்டிவ்கள் அதே மையத்துக்கு வந்து சேர்ந்தபோது, காபா, இன்னொரு புகைப்படக்காரரான டேவிட் சீமோர் ஆகியோருடையவற்றோடு தாரோவுடையவையும் இருந்தன. அவருக்கு அந்த ஆண்டு பெரிய கண்காட்சி வைத்ததும் அந்த மையம்தான். சரி, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

தொடக்கத்தில் தாரோ கையில் இருந்தது சதுரப் படம் எடுக்கும் ரோலைஃப்ளெக்ஸ் கேமரா, காபாவிடம் நீள்சதுரப் படம் எடுக்கும் லைக்கா. அதனால் 1936 ஸ்பெயின் படம் எதையாவது பகிர்ந்து கீழே காபா என்று எழுதுமுன், முழுப்படமும் சதுரமாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.