சிக்கரி காட்டிக்கொடுத்த கதை

பள்ளி விடுமுறையில் சித்தி வீட்டுப் பரணில் கிடந்த, அட்டை கிழிந்த தொகுப்பு ஒன்றில் ஒரு கதை படித்தேன். சிவபெருமான் மெட்ராஸுக்கு வருகிறார், ஓட்டலில் காப்பி குடிக்கிறார், ஒருவர் வீட்டில் போய்த் தங்குகிறார். தலைப்பும் மறந்துவிட்டது, எழுதியவர் பெயரும் மறந்துவிட்டது. இருபது வருஷம் கழித்துத் தேட ஆரம்பித்தேன்.

"சிவன் பூமிக்கு வந்த கதை" என்று தேடினால் என்ன வரும்? பிட்டுக்கு மண் சுமந்தார், விறகு விற்றார், நரியைப் பரியாக்கினார். மதுரையை விட்டு வெளியே வரவே முடியவில்லை. நண்பர்களைக் கேட்டேன். பாதிப் பேர் சுஜாதா என்றார்கள். (விசித்திரமான கதை எதுவானாலும் நம்மவர்களுக்குச் சுஜாதாதான்.)

கதைச் சுருக்கத்தை வைத்துத் தேடுவது வீண் வேலை என்று எனக்கு உறைக்கவே நாளாயிற்று. ஒன்றுக்கும் உதவாத சில்லறை விஷயம் ஏதாவது மனதில் ஒட்டியிருக்கும், அதைப் பிடிக்க வேண்டும். என்னிடம் ஒட்டியிருந்தது சிக்கரி. காப்பி ருசியைத் தன் லீலை என்று நினைக்கும் கடவுளிடம், அது சிக்கரி கலந்த ஓட்டல்காரனின் லீலை என்று கூட இருப்பவர் சொல்லுவார். இதைச் சொன்னதும் பழைய புத்தகக் கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "கந்தசாமிப் பிள்ளை" என்றார்.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. 1943இல் கலைமகளில் வந்தது. இலக்கியம் படித்தவர்கள் சிரிப்பீர்கள், பரவாயில்லை. அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டன. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைக்கும் மதுரைத் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இத்தனை நாள் தேடியது என் போனுக்குள்தான் இருந்திருக்கிறது!

அப்புறம் படித்தேன். அசடு வழிந்தது. அவர்கள் டிராமில் போனார்கள் என்று சத்தியம் செய்திருப்பேன், போனது ரிக்ஷாவில். கடவுள் பிள்ளையைப் பணக்காரர் ஆக்கிவிட்டுப் போனதாக நினைப்பு. அப்படி ஒன்றும் இல்லை. பிள்ளை நடத்தும் சித்த வைத்தியப் பத்திரிகைக்குக் கடவுள் 25 ரூபாய் ஜீவிய சந்தா (ஆயுள் சந்தா) கட்டுகிறார், அவ்வளவுதான். திவான் பகதூர் பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர் முன்னால் தாண்டவம் ஆடிக் காட்டுகிறார், அதுவும் எடுபடவில்லை. வரம், புதையல் எல்லாம் நான் கை வைத்துச் சேர்த்தவை.

முழுசாக மறந்துபோனது பிள்ளையின் குழந்தை வள்ளியை. கடவுளோடு விளையாடுகிறாள், தாத்தா என்று ஒட்டிக்கொள்கிறாள். பன்னிரண்டு வயதில் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போயிருப்பேன் போலிருக்கிறது. இப்போது என் வீட்டிலும் அப்படி ஒருத்தி இருக்கிறாள். கடவுள் போன பிறகு பிள்ளை சந்தாவை வரவு எழுதுகிறார். தாத்தா ஊருக்குப் போயாச்சா என்று கேட்டுக்கொண்டே அவள் ஓடி வருகிறாள். அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை படித்தேன்.