எஸ்தோனியாவில் இரண்டு பேர் நடக்க ஒரு மூட்டைக் கணக்கு

ஐரோப்பாவில் பையை முதுகில் மாட்டிக்கொண்டு நடக்கலாம் என்று முடிவெடுக்கிற ஜோடிகள் நேராக நார்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் டிக்கெட் பார்க்கிறார்கள். முதல் தடவை என்றால் என் ஓட்டு எஸ்தோனியாவுக்குத்தான். நாட்டிலேயே உயரமான மேடு 318 மீட்டர், அதனால் முட்டி தப்பிக்கும். பாதி நாடு காடு. அந்தக் காட்டுக்குள் அரசு வனத்துறை நிறுவனமான ஆர்.எம்.கே. போட்டு வைத்திருக்கும் முகாம் இடங்களில் தங்கக் காசு இல்லை. தலைநகர் தாலினிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் பாதை தொடங்கும் இடத்துக்கே போய்விடலாம். இவ்வளவு வசதியைக் கையில் கொடுத்தும் பலர் சொதப்புவது ஒரே இடத்தில்: இரண்டு பேர் போகிறோம் என்று எல்லாவற்றையும் இரண்டு இரண்டாக எடுத்துக்கொண்டு போவது.

இதோ ஒரு மூட்டைக் கணக்கு. இரண்டு பேர் டென்ட் 2.2 கிலோ. ஸ்லீப்பிங் பேக் இரண்டும் சேர்த்து 2 கிலோ. மேட் இரண்டும் 1 கிலோ. அடுப்பு, ஒன்றரை லிட்டர் பாத்திரம், கேஸ் எல்லாம் சேர்ந்து முக்கால் கிலோ. வாட்டர் ஃபில்டர், முதலுதவி, பவர் பேங்க் 1 கிலோ. துணியும் மழைக்கோட்டும் ஆளுக்கு இரண்டரை. காலிப் பைகளே ஆளுக்கு ஒன்றரை. இதுவரை 15 கிலோ. நான்கு நாள் சாப்பாடு, ஒருவருக்கு நாளுக்கு 600 கிராம் உலர்பொருள் என்று வைத்தால் 4.8 கிலோ. தண்ணீர் 3 லிட்டர். மொத்தம் கிட்டத்தட்ட 23 கிலோ.

இதைச் சமமாகப் பிரிக்காதீர்கள். 75 கிலோ ஆளும் 55 கிலோ ஆளும் போனால் 13க்கு 10 என்பதுதான் நியாயம். வீராப்புக்காகப் பாதிப் பாதி தூக்கினால் மூன்றாம் நாள் ஒருவருடைய தோள் பேசும், அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். டென்டின் துணி ஒருவரிடம், கம்பியும் ஆணியும் இன்னொருவரிடம் இருக்கட்டும். சாப்பாட்டை அதிக எடை தூக்குகிறவர் பையிலிருந்து முதலில் காலி செய்யுங்கள். எடை தானாகவே சமன் ஆகிக்கொண்டு வரும்.

பையை மாட்டும் வரிசையும் பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. முதலில் எல்லா வாரையும் தளர்த்துங்கள். இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்கார வைத்து இறுக்குங்கள். அப்புறம் தோள் வார். அப்புறம் தோளுக்கு மேலே பையோடு சேரும் சின்ன வார். கடைசியாக நெஞ்சுப் பட்டை. வரிசை சரியாக இருந்தால் தோள் வாருக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு விரல் லேசாக நுழையும், பாரம் இடுப்பில் நிற்கும். தோளை முதலில் இறுக்கினால் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பையும் ஒன்றுதான்.

பகிரக் கூடாதவையும் உண்டு. ஹெட்லைட், மழைக்கோட்டு, ஆஃப்லைன் வரைபடம் இறக்கிய போன், தீப்பெட்டி, கொஞ்சம் ரொக்கம், பாஸ்போர்ட் நகல், ஒரு வேளைத் தீனி. இதெல்லாம் ஆளுக்கு ஒன்று கட்டாயம். காட்டுப் பாதையில் ஒருவர் முன்னால் போய் ஒரு கிளைப் பாதையில் திரும்பிவிட்டால், வரைபடம் ஒரே போனில் இருப்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போதுதான் புரியும். இதற்கு ஒரு எளிய வழி, மெதுவாக நடப்பவர்தான் முன்னால் போக வேண்டும். வேகமானவர் முன்னால் போனால் ஒவ்வொரு முறையும் நின்று காத்திருந்து ஓய்வெடுத்துக்கொள்வார், பின்னால் வருபவர் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவார். களைத்தவருக்குத்தான் ஓய்வே கிடைக்காது.

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது ஒரே மாடலில் ஒன்று இடப்பக்க ஜிப், ஒன்று வலப்பக்க ஜிப் எடுத்தால் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கலாம். கடைக்காரர் காட்டும் பெரிய எழுத்து எண் பல சமயம் ‘லிமிட்’ வெப்பநிலை, அதாவது எப்படியோ சமாளிக்கும் கடைசி எல்லை. பார்க்க வேண்டியது நிம்மதியாகத் தூங்க முடிகிற ‘கம்ஃபர்ட்’ எண். ஆகஸ்ட் கடைசியில் இரவு 5, 6 டிகிரிக்கு இறங்கலாம் என்பதால், கம்ஃபர்ட் 5 டிகிரிக்கு மேல் உள்ளதைத் தொட வேண்டாம். இரண்டு மேட்டையும் ஒரு வாரால் சேர்த்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் நடுராத்திரி ஒருவர் நடு இடுக்கில்தான் கிடப்பார்.

எப்போது போவது? எல்லோரும் ஜூன் வெண்ணிரவு என்று ஓடுகிறார்கள். இரவு பத்தரை தாண்டியும் சூரியன் இருக்கும் என்பது உண்மை. கொசு இருக்கும் என்பதும் உண்மை. ஜூலையில் கூடவே குதிரை ஈ. ஜூன் 23, 24 இரண்டும் அங்கே பெரிய விடுமுறை, முகாம் இடங்களில் உள்ளூர்க் கூட்டம் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கும். என்னைக் கேட்டால் ஆகஸ்ட் இரண்டாம் பாதி முதல் செப்டம்பர் நடு வரை. கொசு குறைந்திருக்கும், ஆகஸ்ட் கடைசியிலும் எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும், பாதையோரம் பெர்ரி பழுத்திருக்கும். பெர்ரி பறிக்கச் சட்டமே அனுமதிக்கிறது. காளானும் பறிக்கலாம், ஆனால் கூட ஒரு உள்ளூர்க்காரர் இல்லாமல் அதை வாயில் வைக்காதீர்கள்.

பாதை. ஆர்.எம்.கே.யின் நெடும்பாதைகளில் மூன்று ஏக்வீடு என்ற சிறிய ஊரில் சந்திக்கின்றன. அவற்றில் ஓவாண்டுவிலிருந்து தெற்கே இக்லா வரை போகும் பாதை சுமார் 375 கிலோமீட்டர். முழுதாக வேண்டாம். தாலின் பால்டி யாம் நிலையத்தில் ரயில் ஏறி ஏக்வீடுவில் இறங்கி, வடக்கே ஓவாண்டுவை நோக்கி நடங்கள். ஒரு வாரம் தாராளம். முதலில் கோர்வெமா காடுகளும் ஏரிகளும், பிறகு லாஹெமா தேசியப் பூங்கா. இது 1971இல் அறிவிக்கப்பட்டது, சோவியத் யூனியனின் முதல் தேசியப் பூங்கா. மரத்தில் வெள்ளை, பச்சை, வெள்ளை என்று பட்டை பூசியிருக்கும். பத்து நிமிடமாகப் பட்டை கண்ணில் படவில்லை என்றால் திரும்பி நடங்கள், “முன்னால் எங்கேயாவது வரும்” என்று தொடராதீர்கள். இந்தத் திசையில் நடந்தால் ரயிலை நம்பி ஆரம்பிக்கலாம், கடல் பக்கம் முடிக்கலாம். நடுவில் சாமான் வாங்க வோசு ஊரில் கடை உண்டு.

முகாம் இடத்தில் நெருப்பு மூட்ட இடம், உலர் கழிப்பறை, பெரும்பாலும் விறகுக் கொட்டகை இருக்கும். ‘பெரும்பாலும்’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். வார இறுதிக்குப் பிறகு கொட்டகை காலியாக இருக்கும், இருந்தாலும் பிளக்காத கட்டைகளாக இருக்கும். சமையலுக்கு அதை நம்பக் கூடாது, கேஸ் அடுப்பு வேண்டும். விமானத்தில் கேஸ் சிலிண்டர் எந்தப் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது, தாலினில் மட்கஸ்போர்ட் போன்ற கடையில் இறங்கியதும் வாங்குங்கள். 230 கிராம் திருகு சிலிண்டர் ஒன்று இரண்டு பேருக்கு ஆறு நாள் வரும். லிட்டர் தண்ணீர் கொதிக்க 12லிருந்து 15 கிராம், நாளுக்கு இரண்டரை லிட்டர் என்ற கணக்கு. மூடி போடாமல் காற்றில் வைத்துக் கொதிக்கவிட்டால் நான்கு நாளில் தீரும். குறித்த இடத்துக்கு வெளியே நெருப்பு மூட்டக் கூடாது. காட்டுத்தீ அபாயம் மிக அதிகம் என்று அறிவித்திருந்தால் எங்கேயுமே கூடாது.

ஆர்.எம்.கே.யின் காட்டுக் குடில்களும் இலவசம்தான். முன்பதிவு கிடையாது, யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் மட்டும் என்றும் கிடையாது. பலகைக் கட்டிலில் உங்களுக்குப் பக்கத்தில் நாலு பேர் படுக்கலாம். தேனிலவு போகிறவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள், டென்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

சாப்பாட்டில் ஒரு நல்ல செய்தி. அங்கே ‘கமா’ என்று ஒரு மாவு எந்தக் கடையிலும் கிடைக்கும். பார்லி, கோதுமைக்கு உறவான ரை, ஓட்ஸ், பட்டாணி எல்லாம் வறுத்து அரைத்தது. நம் சத்துமாவின் ஒன்றுவிட்ட தங்கை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வறுத்ததால் சமைக்க வேண்டாம். ஒரு டம்ளர் கெஃபிரில் (மோர் மாதிரியான புளித்த பால்) மூன்று ஸ்பூன், உப்போ சர்க்கரையோ போட்டுக் கலக்கினால் காலை உணவு முடிந்தது. பாதையில் கெஃபிருக்குப் பதில் பால் பவுடர் கரைத்த தண்ணீர். முதலில் கொஞ்சம் திரவத்தில் கெட்டியாகக் குழைத்து, பிறகு மீதியை ஊற்றாவிட்டால் கட்டி கட்டும். சைவக்காரர்கள் இதோடு கறுப்பு ரொட்டி, சீஸ், சிவப்புப் பருப்பு வைத்துக்கொண்டால் வாரம் ஓடிவிடும்.

சதுப்பு நிலத்துத் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும். நிறம் தாவரச் சாறு, அது பயமில்லை. ஆனால் ஃபில்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும். துணியில் வடிகட்டிவிட்டுத்தான் ஃபில்டருக்கு ஊற்ற வேண்டும், முடிந்தால் கொதிக்க வையுங்கள். சதுப்பின் மேல் போட்டிருக்கும் பலகைப் பாதை மழையில் சோப்புப் போட்ட தரை மாதிரி. நடைக்குச்சியின் நுனி பலகை இடுக்கில் சிக்கி, குச்சி வளையும், ஆளும் விழுவார். ரப்பர் மூடி போடுங்கள், அல்லது குச்சியை மடக்கிப் பையில் செருகிவிடுங்கள்.

கரடியும் ஓநாயும் அங்கே உண்டு, ஆனால் உங்களைப் பார்த்தால் விலகிப் போகும். பயப்பட வேண்டியது உண்ணிக்கு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை புல்லில் காத்திருக்கும். லைம் என்ற பாக்டீரியா நோயும், மூளையழற்சி வைரஸும் அதன் வழியாக வரும். வைரஸுக்குத் தடுப்பூசி உண்டு. முதல் இரண்டு ஊசிக்கு நடுவில் வழக்கமாக ஒன்று முதல் மூன்று மாதம், எனவே டிக்கெட் போட்ட அன்றே மருத்துவரைப் பாருங்கள். லைமுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு போகும் வழி இல்லை, தேடி எடுப்பதுதான் வழி.

இரண்டு பேராகப் போவதன் உண்மையான லாபம் இங்கேதான். இரவு டென்டுக்குள் நுழைந்ததும் ஹெட்லைட் போட்டு ஒருவரை ஒருவர் சோதியுங்கள். முட்டிக்குப் பின்புறம், தொடை இடுக்கு, அக்குள், காதுக்குப் பின்னால், பிடரி முடியோரம், உள்ளாடை எலாஸ்டிக் படும் இடம். சின்ன உண்ணி கசகசா அளவுதான், மச்சம் மாதிரி இருக்கும், விரலால் தடவினால் நெருடும். கூர்நுனி இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, நிதானமாக இழுங்கள். எண்ணெய், நெருப்பு, நெயில் பாலிஷ் எதுவும் வேண்டாம். நசுக்கவும் கூடாது. எடுத்த தேதியும் இடமும் போனில் குறியுங்கள். அடுத்த வாரங்களில் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் அந்தக் குறிப்பைக் காட்ட வேண்டும்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா. கணவன் மனைவி ஆனாலும் தனித்தனி விண்ணப்பம், ஆளுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்பீடு. ‘காட்டில் தங்குவோம்’ என்று மட்டும் எழுதினால் கேள்வி வரும். முதல் இரவும் கடைசி இரவும் தாலினில் அறை பதிந்து, நடுவில் எந்த நாள் எந்த முகாம் என்று ஒரு பக்கத் திட்டம் வையுங்கள்.

பழைய பயணக் கட்டுரைகளில் கிராமப் பஸ் இலவசம் என்று இருக்கும். 2018இல் அப்படித்தான் இருந்தது, 2024 தொடக்கத்திலிருந்து வேலை வயதினர் காசு கொடுக்க வேண்டும். காசை விடப் பெரிய தலைவலி, பஸ் குறைவு. ஓவாண்டுவில் நடையை முடித்துவிட்டுப் பஸ் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். முந்தின இரவே நேரம் பார்த்து வையுங்கள். அது கைவிட்டால் தாலின்–நார்வா நெடுஞ்சாலையில் உள்ள வீத்னாவுக்குப் போய்விடுங்கள், வெளியூர்ப் பஸ்கள் அந்த வழியாகத்தான் போகும். மாலை இருட்டிவிட்டால் பையில் ஒளிர்பட்டை தொங்க வேண்டும், இருட்டில் நடப்பவருக்கு அங்கே அது சட்டம். மிச்சமிருக்கும் கேஸை ஹாஸ்டல் சமையலறையில் வைத்துவிட்டு வாருங்கள், அடுத்து வருகிறவர் எடுத்துக்கொள்வார்.