கயிறும் நான்கு கல்லும்

தொடக்கப்பள்ளிகளில் வகுப்பறைக்கு வெளியே கற்பது என்றாலே, ஆண்டுக்கொரு முறை வேன் பிடித்துக் கொடிவேரிக்கோ ஊட்டிக்கோ போய்வருவதைத்தான் பெற்றோரும் ஆசிரியர்களும் நினைத்துக்கொள்கிறோம். காங்கயம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் பணியாற்றுபவள் என்ற முறையில், அது நடந்து போகும் தொலைவில், வாரத்துக்கு ஒரு மணி நேரம் நடக்க வேண்டிய பாடவேளை என்றே நான் கருதுகிறேன்.

எங்கள் பள்ளியை ஒட்டிக் கிளுவை வேலி போட்ட கொறங்காடு ஒன்று உண்டு. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் நிற்கும் அந்த மேய்ச்சல் காட்டுக்கு, உரியவரிடம் கேட்டுக்கொண்டு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். வீட்டில் சென்ட் கணக்குப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவர்கள்தாம். ஆனால் ஒரு சென்ட் எவ்வளவு இடம் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. 435.6 சதுர அடி என்று கரும்பலகையில் எழுதிப் போட்டபோது அது வெறும் எண்ணாகவே இருந்தது. பக்கத்துக்கு 21 அடிக்குச் சற்றே குறைவாகக் கயிறு பிடித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தபின், "எங்கூடே இதுக்குள்ள அடங்கீருமுங்க டீச்சர்" என்றான் ஒருவன். முதல் தடவை சதுரம் கோணிக்கொண்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து, அவை சமமாகும்வரை கல்லை நகர்த்தியதில் எனக்கும் பாடம் இருந்தது.

அங்கேயே சாம்பல் கலந்த வெள்ளை நிற மயிலைப் பசு ஒன்றிடம் செந்நிறக் கன்று பால் குடித்துக்கொண்டிருந்தது. பனியன் கம்பெனி வேலைக்காக வந்த குடும்பத்துச் சிறுமி, அது இதன் கன்றுதானா என்று கேட்டாள். காங்கயம் கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாதத்தில் நிறம் மாறும் என்று உள்ளூர்ப் பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். அவள் நம்பவில்லை, நம்பாதது நல்லதாயிற்று. இப்போது மாதந்தோறும் கன்றின் நிறத்தைக் குறித்துவைக்க ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம்.

பார்வைக்கு வந்த அலுவலர் ஒருவர், பாட நேரத்தில் பிள்ளைகளை வெயிலில் விடலாமா என்று கேட்டார். வெயிலைப் பற்றிய கேள்வி நியாயமானது. காலை முதல் பாடவேளையில் போனால் தீர்ந்தது. பாட நேரத்தைப் பற்றிய கேள்விதான் எனக்கு உடன்பாடில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்புவரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்கிறதே தவிர, அந்த நேரம் முழுவதையும் கூரைக்கடியில் கழிக்கச் சொல்லவில்லை. பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்வோடு அறிவை இணைக்க வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு சொல்லும் முதல் நெறி.

உண்மையான தடை ஆள் பற்றாக்குறை. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் வெளியே போனால், மற்றவர் எஞ்சிய வகுப்புகள் அனைத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவிலுள்ள தாய்மார்களில் இருவர் அந்த ஒரு மணி நேரம் உடன் வரவும், கால அட்டவணையில் அதற்கென ஒரு கட்டம் ஒதுக்கவும் எழுத்துப்பூர்வமாக அனுமதி கேட்டிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.