ஆமாம், அந்த டிக்கி பாருக்கு மறுபடியும் போனேன்

போனேன். தெருமுனையில் இருக்கும் அதே டிக்கி பாருக்கு, போன சனிக்கிழமை, என் காலால் நடந்து போனேன். போட்டோவும் நான்தான் போட்டேன். இரண்டு வருடம் முன்பு திட்டிய கடையை இப்போது பாராட்டுகிறாயே என்று அதற்குக் கீழே ஆளாளுக்குக் கூத்தாடிவிட்டீர்கள். "துப்பின எச்சிலைத் திரும்ப விழுங்குகிறான்" என்று எழுதிய அண்ணனுக்கு மட்டும் நாலு வரி பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது.

(கார் டிக்கிக்குள்ளேயே பார் வைத்திருக்கிறார்களா என்று கேட்ட மூன்று பேருக்கு: சிரித்துவிட்டேன், போதும். டிக்கி என்பது பசிபிக் கடலின் பாலினீசியத் தீவுகளில் மரத்திலும் கல்லிலும் செதுக்கும் மனித உருவம். அந்தத் தீவுப் பாணியில் அலங்கரித்து, ரம் கலவைகள் தரும் பார்தான் டிக்கி பார். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் சில கதைகளில் முதல் மனிதனுக்கே அந்தப் பெயர்.)

இரண்டு வருடம் முன்பு அந்த இடத்தைக் கிழித்துத் தொங்கவிட்டதும் நான்தான். மறுக்கவில்லை. அதில் ஒரு வார்த்தையை இன்றும் திரும்ப வாங்கவில்லை. மை டாய் என்ற ரம் காக்டெயில் கேட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து உயரமான கிளாஸில் சிவப்பாக ஏதோ வந்தது. டின் அன்னாசிச் சாறு, மேலே பாட்டில் செர்ரி, ஒரு காகிதக் குடை. ரம் இருந்ததா என்பது அந்தக் குடைக்குத்தான் வெளிச்சம். "இதில் பாதாம் சிரப் கிடையாதா?" என்று கேட்டதற்கு, பரிமாறிய பையன் குடையை நேராக நிமிர்த்தி வைத்துவிட்டுப் போய்விட்டான். நானும் கோபத்தில் எழுதினேன். நீங்களும் கைதட்டினீர்கள்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. மை டாய் ஒன்றும் கைக்கு வந்ததைக் கலக்கும் பானம் இல்லை. 1944இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் டிரேடர் விக் என்று பேர் எடுத்த விக்டர் பெர்ஜரான் கலந்தது அது. 17 வருடம் ஊறிய ஜமைக்கா ரம், அப்போதே பிழிந்த எலுமிச்சை, குராசோ என்ற ஆரஞ்சுத் தோல் மது, பாதாம் சிரப், துளி சர்க்கரைப் பாகு. அவ்வளவுதான். அன்னாசி பின்னால், 1950களில், ஹவாய் ஹோட்டல் பக்கம் போய் ஒட்டிக்கொண்டது.

சரி, பின்னே ஏன் போனேன்? கடை மாறியிருந்தது, அதனால் போனேன். தினமும் அந்தக் கண்ணாடியைத் தாண்டித்தான் வீட்டுக்கு வருகிறேன். ஒருநாள் சாயங்காலம் உள்ளே புதிதாக ஒரு அம்மா ஒரு கூடை எலுமிச்சையைப் பாதிப் பாதியாக வெட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிழிந்துகொண்டிருந்தார். டின் எதுவும் கண்ணில் படவில்லை. அப்படியே நின்று பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை உள்ளே போய் உட்கார்ந்து அதே மை டாய் கேட்டேன். இந்தத் தடவை குட்டையான கிளாஸ், நொறுக்கிய ஐஸ், பிழிந்த எலுமிச்சை மூடி கவிழ்த்துவைத்தபடி ஐஸ் மேல் மேடாக, அதன் பக்கத்தில் ஒரு கொத்துப் புதினா. தீவும் மரமும் மாதிரி. புதினாவை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டித்தான் செருகினார். கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகும் முன்பே மூக்கில் புதினா ஏறியது. பின்னாலேயே பாதாம். இரண்டு வருடம் முன்பு நான் கேட்ட அதே பாதாம்.

இதைச் சொன்னால் நாக்கு புரண்டவன் என்கிறீர்கள். நான் திட்டியது அன்றைக்கு என் முன்னால் வந்த கிளாஸை. இனிமேல் அந்தக் கடையில் கலக்கப்போகும் எல்லா கிளாஸையும் சேர்த்து முன்கூட்டியே திட்டிவைக்க எனக்கு ஜோசியம் தெரியாது. கடை மாறினால் நான் சொல்வதும் மாறும். இதில் என்ன மானக்கேடு?

டிக்கி பார் என்ற சங்கதியே மறுவாய்ப்பில் பிழைத்ததுதான். 1930களில் ஹாலிவுட்டில் எர்னஸ்ட் கான்ட் என்பவர் ஆரம்பித்து வைத்தார், பிறகு டான் பீச் என்று பேரையே மாற்றிக்கொண்டார். அவருடைய ஜாம்பி என்ற காட்டமான ரம் கலவையை ஒருவருக்கு இரண்டுக்கு மேல் தர மாட்டார்கள். செய்முறை திருடு போகக் கூடாது என்று பாட்டில்களில் பேர் இருக்காது, குறிச்சொல்தான். அதனாலேயே எல்லாம் தொலைந்தும் போனது. 1970, 80களில் டிக்கி என்றாலே கலர் தண்ணீர், பொடி, பாக்கெட் மிக்ஸ் என்று ஆகிவிட்டது. அப்போது எல்லாரும் நம் அண்ணனைப் போலவே "அது அவ்வளவுதான்" என்று விட்டிருந்தால்? பழைய டிக்கி செய்முறைகளைத் தேடி அலைந்த ஜெஃப் பெர்ரி என்ற ஒரு மனிதர் விடவில்லை. 1937இல் டான் கடையில் வேலை பார்த்த ஒருவர் சட்டைப்பையில் வைத்திருந்த குறிப்பு நோட்டைத் தேடிப் பிடித்தார். அதிலும் 'டான்ஸ் மிக்ஸ்' என்று குறிச்சொல்தான். அது வெறும் கிரேப்ஃப்ரூட் சாறும் பட்டை சிரப்பும் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு வருஷங்கள் ஆயின. இன்று நல்ல டிக்கி பார்களில் ஜாம்பி ஒழுங்காக வருகிறது என்றால் அந்தப் பிடிவாதத்துக்கு அதில் பெரிய பங்கு.

இனி ஆட்சேபங்கள். "குடியை வளர்க்கிறாய்" என்றவர்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை. குடிக்காதீர்கள். நல்லது.

"அந்தத் தீவு மக்கள் மூதாதையாக வணங்கும் உருவத்தைக் குவளையாக்கிக் குடிக்கிறாயே, கூச்சமாக இல்லையா?" என்று ஒரு தங்கை கேட்டார். வந்ததிலேயே உருப்படியான கேள்வி இதுதான். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இதே காரணத்துக்காகச் சில பார்கள் டிக்கி என்ற பேரையே விட்டுவிட்டன. அந்த பானங்களை நாள்தோறும் கலந்தவர்களில் நிறைய பேர் பிலிப்பினோக்கள், பேர் வாங்கியது வேறு ஆட்கள், அதுவும் எனக்குத் தெரியும். சனிக்கிழமை என் மேஜைக்கும் ஒரு முகம் போட்ட குவளை வந்தது. சும்மா கிளாஸில் கொடுங்கள் என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. போதாது என்றால், போதாதுதான்.

ஆனால் "எவ்வளவு வாங்கினாய்?" என்ற கேள்வி இருக்கிறதே, அதுதான் சுட்டது. இரண்டு வருடம் முன்பு திட்டியபோது பக்கத்துக் கடைக்காரனிடம் எவ்வளவு வாங்கினேன் என்று ஒருத்தரும் கேட்கவில்லையே! திட்டினால் நேர்மை, பாராட்டினால் கூலி. நல்ல கணக்கு. பில் இருக்கிறது, டிப்ஸோடு. வேண்டுமானால் அனுப்புகிறேன், பிரேம் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள்.

அண்ணே, இது உங்களுக்கு மட்டும். பேர் சொல்லவில்லை, உங்களுக்கே தெரியும்.

அந்த முதல் மை டாய்க்குப் பிறகு ஒரு வீம்பில் நானே வீட்டில் பாதாம் சிரப் காய்ச்சினேன், ஞாபகம் இருக்கிறதா? பாதாமை அரைத்து ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டியதை, அவசரத்தில் டீ வடிகட்டியில் ஊற்றிவிட்டேன். எட்டு பேரைக் கூப்பிட்டிருந்தேன். முதல் வாயிலேயே எல்லார் பல்லிலும் மணல். ஆளாளுக்கு நாகரிகமாக கிளாஸை மேஜைக்கடியில் தள்ளினார்கள். நீங்கள் ஒருத்தர்தான் முழுசாகக் குடித்துவிட்டு, அடியில் தங்கிய பாதாமை ஸ்பூனில் எடுத்துச் சாப்பிட்டு, "அடுத்த வாரம் துணியில் வடிகட்டுடா" என்றீர்கள். அடுத்த வாரம் சொன்னபடி வந்தீர்கள். மற்ற ஏழு பேரில் ஒருத்தர்கூட வரவில்லை.

அந்த அண்ணன்தான் எச்சில் என்று எழுதினாரா என்று இரண்டு தடவை பேரைப் பார்த்தேன். முந்தாநாளிலிருந்து உங்களுக்கு போன் போட எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். பார் விஷயம் பேசத்தான் இதை ஆரம்பித்தேன், எங்கேயோ போய்விட்டது.

இந்த சனிக்கிழமை ஏழு மணிக்கு மறுபடி போகிறேன். அந்த அம்மா ஜாம்பி கலந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்து ஸ்டூலில் என் பையை வைத்திருப்பேன். எட்டு மணி வரைக்கும் எடுக்க மாட்டேன்.