நிலையான விலை என்றாலும் பேரம் முடிந்துவிடுவதில்லை

'நிலையான விலை கார் ஷோரூமில் பேரமே கிடையாது, அதனால் ஏமாறவும் வழியில்லை' என்பது பாதிதான் சரி. அங்கே நிலையாக இருப்பது வண்டியின் விலை மட்டும். பழைய வண்டிக்குத் தரும் மதிப்பு, கடன் வட்டி, கூடுதல் வாரண்டி, பெயின்ட் கோட்டிங் எல்லாம் பேசக்கூடியவை. லாபம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

வட்டியையே பாருங்கள். 10 லட்சம் கடன், 60 மாதம்: 9 சதவீதத்தில் தவணை 20,758, 10 சதவீதத்தில் 21,247. மாதம் 489தானே என்று தோன்றும், மொத்தத்தில் 29,000-ஐத் தாண்டுகிறது. அதனால் 'மாதம் எவ்வளவு கட்ட முடியும்?' என்று விற்பனையாளர் கேட்டால் தயவுசெய்து தொகையைச் சொல்லிவிடாதீர்கள். வங்கியில் கடன் ஒப்புதலை முன்பே வாங்கிக்கொண்டு, பழைய வண்டிக்கு வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டுப் போங்கள். முன்பணம் கொடுக்கும் முன் எல்லாக் கட்டணத்தையும் வரிவரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். 'கையாளும் கட்டணம்' என்றொரு வரி இருந்தால் எதற்கென்று கேட்டு, நீக்கச் சொல்லுங்கள்.