உறையின் எடையையும் பாருங்கள்

மொத்தமாகத் தபால் அனுப்பும் நிறுவனங்கள் மறுசுழற்சிக்கு ஏற்ற தாளைப் பயன்படுத்தினால் அவற்றுக்குத் தபால் கட்டணத்தைக் குறைக்கலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரிதான். குன்னூரில் இருந்து பார்த்தால் இதில் ஒரு வேடிக்கையும் தெரியும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலத் தடை 2019இல்தான் வந்தது. நீலகிரியில் பிளாஸ்டிக் கட்டுப்பாடு அதற்கும் பல வருஷம் முந்தியது. குன்னூருக்கு ஏறும் வழியில் உள்ள பர்லியார் சோதனைச் சாவடியில் சுற்றுலா வருபவரின் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்குகிறார்கள். அதே மலைப்பாதையில் பாலிதீன் உறை போட்ட பத்திரிகைகளும் பளபள விளம்பர அட்டைகளும் தபால் மூட்டைக்குள் சொகுசாக ஏறி வருகின்றன! அந்த அட்டையை எங்கள் பழைய பேப்பர் கடைக்காரர் தொடவே மாட்டார். பிளாஸ்டிக் படலம் ஒட்டிய தாளைக் கூழாக்குவது பெரும்பாடு.

ஆனால் ஒன்று. ஐப்பசி மழையில் எஸ்டேட் லைன் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) வரை வரும் தபாலுக்கு மெல்லிய தாள் உறை தாங்காது. போன வருஷம் எனக்கு வந்த ஒரு மாத இதழை அடுப்பு மேல் காயவைத்துத்தான் படித்தேன். தடித்த பழுப்புத் தாள் தாங்கும். அப்புறம், தபால் கட்டணம் எடையை வைத்துத்தானே? பாலிதீன் இலேசு, தடித்த தாள் கனம். பதிவு பெற்ற பத்திரிகைகளுக்கு ஏற்கெனவே சலுகைக் கட்டணம் உண்டு. அதோடு, தாள் உறையின் எடையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டாலே பத்திரிகைக்காரர்களில் பாதிப் பேர் தாளுக்கு மாறிவிடுவார்கள்.